பேரனுக்கு யார் பெயர்?

கதை எழுதுகிறவனுக்கு உலகத்தார் சம்பளமில்லாமல் கொடுக்கும் உத்தியோகங்களில் பெயர் வைக்கும் உத்தியோகமும் ஒன்று. புது வீட்டுக்குப் பெயர் வேண்டுமா, மளிகைக் கடைக்குப் பெயர் வேண்டுமா, பிறந்த குழந்தைக்குப் பெயர் வேண்டுமா, "அவனைக் கேளுங்கள், பக்கத்துக்குப் பத்துப் பெயர் வைக்கிறவன்" என்று சொல்லி விடுகிறார்கள். கதையில் வரும் மனிதர்களுக்குப் பெயர் வைப்பது சுலபம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கதாபாத்திரத்துக்கு இரண்டு பாட்டன்மார் இல்லை. இருந்தாலும் அவர்கள் நம்மோடு சண்டைக்கு வர மாட்டார்கள்.

சென்ற ஆண்டு அரியலூரிலிருந்து என் ஒன்றுவிட்ட தமக்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவளுடைய ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. வழக்கப்படி தாய்வீட்டில், அரியலூரிலேதான் பிறந்திருக்கிறது. சந்தோஷமான செய்தியைச் சொன்னவள், அதே மூச்சில், "தம்பி, பேர் விஷயமாகக் கொஞ்சம் மனஸ்தாபம். நீ ஒரு நடை வந்து போனால் தேவலை" என்றாள்.

விஷயம் இதுதான். குழந்தையின் தந்தையைப் பெற்றவருக்குப் பெரியசாமி என்று பெயர். மூத்த மகனுக்குப் பிறந்த முதல் பிள்ளை. ஆகவே பாட்டன் பெயர் பேரனுக்கு என்பது பெரம்பலூர் வீட்டாரின் கட்சி. சிறுவாச்சூருக்கு மேற்கே மலையில் பெரியசாமி கோயில் கொண்டிருக்கிறார். கீழே மதுரகாளியம்மன், திங்களும் வெள்ளியும் மாத்திரம் கதவு திறந்து தரிசனம் தருகிறாள். அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு தெருவில் நின்று "பெரியசாமி!" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

தாய்வழிப் பாட்டனாருக்குக் கலியபெருமாள் என்று பெயர். அதாவது என் அத்தான். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் இருக்கும் கலியுக வரதராஜப் பெருமாளின் பெயர் அது. அங்கே மூலஸ்தானத்தில் நிற்பது ஒரு கல் கம்பம். அந்தக் கம்பமே பெருமாள். விதைக்கும் போது வேண்டிக்கொண்டு, விளைந்ததும் தானியத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது அந்த வட்டாரத்துக் குடியானவர்களின் வழக்கம். என் தமக்கையும் அந்தக் கோயிலுக்கு மாதம் தவறாமல் போகிறவள்தான். ஆனால் அவள் வாயில் "கம்பத்துச் சாமி" என்று வருமே தவிர, சாமியின் பெயர் வராது. புருஷன் பெயராயிற்றே! ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து, "நீ சொல்லடி" என்பாள்.

அத்தான் அந்தத் தை மாதத்தில்தான் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு கிடையாது. இப்போது அவர் பெயரைச் சொல்லும்படி உலகத்தில் இருப்பது கதவுக்கு மேலே மாட்டியிருக்கும் ஒரு படமும், மின்சாரக் கட்டணச் சீட்டும்தான். தமக்கை வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. மகள்தான் கேட்டாள். கேட்டதும் பெரம்பலூரில் முகம் சுளித்தார்கள்.

பெற்றவர்களான இளந்தம்பதிகள் தாங்களும் ஒரு பெயரைக் கைபேசியில் தேடி வைத்திருந்தார்கள். இரண்டெழுத்துப் பெயர், பொருள் என்னவென்று கேட்டேன், வடக்கே ஏதோ நட்சத்திரம் என்றார்கள். இரண்டு வீட்டுக் கோபத்துக்கும் நடுவில் அந்த நட்சத்திரம் தானாகவே மறைந்துவிட்டது.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். இது நேற்று முளைத்த வழக்கமல்ல. கலித்தொகையிலேயே ஒரு தலைவன், தன் சிறு மகனைத் தூக்க வரும்போது, தன் தந்தையின் பெயரைத் தாங்கியவன் என்று சொல்லித்தான் கையை நீட்டுகிறான். ஊடலில் இருக்கும் மனைவி குழந்தையைக் கொடுக்க யோசிக்கிறாள். மனைவிக்குப் பதில் சொல்ல வழியில்லாத புருஷன் தன் தகப்பனார் பெயரைத் துணைக்கு அழைப்பது அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது!

இந்தச் சொல்லில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பாட்டன்மார் இரண்டு பேர், பேரன் ஒருவன். எந்தப் பாட்டனின் பெயரைத் தாங்கினால் அவன் பெயரன் என்று சொல் சொல்லவில்லை. சொல் சொல்லாமல் விட்ட இடத்தில் சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என எனக்குத் தோன்றியது. அந்தச் சரித்திரம் வெகு தூரத்திலும் இல்லை. அரியலூரிலிருந்து காரில் போய் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. பெரம்பலூர்ச் சம்பந்தியையும் கூட அழைத்தேன். "கோயில் பார்க்கத்தானே? வருகிறேன்" என்று அவர் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். குழந்தையின் தகப்பன் வண்டியை ஓட்டினான்.

முதலில் பழுவூர். சிமெண்டு லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதிக்கு நடுவே கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. கல்கியின் "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் என்றதும் அறுபத்து நான்கு விழுப்புண்களும் இளைய ராணியின் பல்லக்கும் ஞாபகம் வரும். கல்வெட்டுக்களில் காணப்படும் பழுவேட்டரையர்களுக்கு வேறொரு சுவாரஸ்யம் உண்டு. அது அவர்களுடைய பெயர்களில் இருக்கிறது.

குமரன் கண்டன், குமரன் மறவன், மறவன் கண்டன், கண்டன் மறவன், கண்டன் அமுதன் என்று கல்வெட்டுக்கள் அவர்களைக் குறிக்கின்றன. முன்னால் வருவது தகப்பன் பெயர். பின்னால் வருவது பிள்ளையின் பெயர். மறவன் மகன் கண்டன். கண்டன் மகன் மறவன். பெயர்கள் ஏற்றக் கிணற்றுச் சால்போல மாறி மாறி மேலே வருகின்றன. இன்றைக்கு நாம் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோமே, அதே ஏற்பாட்டைக் கல்லிலே முழுப் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் தகப்பனைச் சுருக்கவில்லை.

"அப்படியானால் நம்ம கட்சிதானே ஜெயித்தது?" என்று சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டார்.

"இன்னும் ஒரு பெயர் இருக்கிறது" என்றேன். இந்த வரிசையிலேயே கண்டன் சுந்தரசோழன் என்று ஒருவன் வருகிறான். சுந்தரசோழன் என்பது தஞ்சையில் அரசு வீற்றிருந்த சக்கரவர்த்தியின் பெயர். கண்டன் என்ற சிற்றரசன் தன் மகனுக்குச் சக்கரவர்த்தியின் பெயரைச் சூட்டியிருக்கிறான். அன்பா, அச்சமா, ஆதாயமா? இத்தனைக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. முதற் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்றும், அவள் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு சொல்கிறது. அந்த அரிஞ்சயனின் மகனே சுந்தரசோழன். ஆகவே பழுவூர்க்காரர் இரவல் வாங்கிய பெயர் முழுக்க அந்நியமானதும் அல்ல. பெண் கொடுத்த வீட்டுக்கு, பெண்ணின் வம்சத்திலிருந்து பெயர் திரும்பி வந்திருக்கிறது.

சோழர் குலத்திலும் பெயரன் வழக்கம் இருந்தது. சுந்தரசோழனுக்கு இயற்பெயர் பராந்தகன். அது அவனுடைய பாட்டனின் பெயர். கண்டராதித்தரின் மகன் உத்தம சோழன். உத்தம சோழனின் மகன் பெயர் மதுராந்தகன் கண்டராதித்தன். அவன் அரியணை ஏறவில்லை. ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். ராஜ்யம் போய்விட்டது, பாட்டன் பெயர் மாத்திரம் மிஞ்சியது. அரியலூர் மாவட்டத்தில் திருமானூர்ப் பக்கம் கண்டராதித்தம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே செம்பியன் மாதேவி பேரேரியும் இருக்கிறது. கணவன் பெயரில் ஊரும் மனைவி பெயரில் ஏரியுமாக அவர்கள் இன்னமும் குடித்தனம் செய்கிறார்கள்.

பிறக்கும்போது இடும் பெயர் ஒன்று. முடி சூடும்போது வருவது இன்னொன்று. அருள்மொழி என்று பிறந்தவன் 985-ல் பட்டத்துக்கு வந்து ராஜராஜன் ஆனான். அவன் மகன் மதுராந்தகன் என்று பிறந்து ராஜேந்திரன் ஆனான். இவை போதாவென்று, சோழ மன்னர்கள் இரண்டு பட்டங்களை முறை வைத்துக்கொண்டார்கள்: ஒருவன் ராஜகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி, அதற்கடுத்தவன் மறுபடி ராஜகேசரி. விஜயாலயன் பரகேசரி, ஆதித்தன் ராஜகேசரி, பராந்தகன் பரகேசரி, கண்டராதித்தர் ராஜகேசரி, அரிஞ்சயன் பரகேசரி, சுந்தரசோழன் ராஜகேசரி, உத்தமன் பரகேசரி, ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி. சண்டை வந்தாலும் சாவு வந்தாலும் இந்த முறை பிசகவில்லை. நம் இரண்டு பாட்டன்மாரும் சோழர்களைப் போல முறை வைத்துக்கொண்டால் வழக்கே இல்லை என்று நான் சொன்னபோது, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்களே!" என்றார் சம்பந்தி. வண்டி ஓட்டியவன் சாலையைக் கவனிப்பதில் மும்முரமாகிவிட்டான்.

ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ராஜேந்திரனின் சேனை 1023 வாக்கில் கங்கைக் கரை வரை சென்று திரும்பியது. அந்த வெற்றியின் அடையாளமாகக் கட்டிய நகரம். அவன் வெட்டிய சோழகங்கம் இன்று பொன்னேரி என்று வழங்குகிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அஸ்திவாரங்கள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. கோயிலின் மதிலிலிருந்த கற்கள் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. சோழ வம்சத்துக்குத் தலைநகராக இரண்டரை நூற்றாண்டு விளங்கிய இடத்தில் இப்போது கோயிலும், அதைச் சுற்றிப் புல்வெளியும், ஒரு சிற்றூரும் இருக்கின்றன. 2004-ல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இந்தக் கோயிலும் சேர்ந்தது.

நாங்கள் பார்க்க வந்த வழக்கு இந்த ஊரில்தான் நடந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். இன்றைய ஆந்திரத்தில் கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட நாடு வேங்கி. அந்தச் சாளுக்கியர் வீட்டில் பரம்பரையாக மாறி மாறி வரும் பெயர்கள் முக்கியமாக இரண்டு: விஷ்ணுவர்த்தனன், விஜயாதித்தன். நாலு நூற்றாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அவற்றையே திருப்பித் திருப்பி வைத்து வந்தார்கள். ஆனால் குந்தவை வயிற்றில் பிறந்த மகனுக்கு ராஜராஜன் என்று பெயர். தாய்வழிப் பாட்டன் பெயர்! ராஜராஜ நரேந்திரன் என்று சரித்திரம் அவனைச் சொல்கிறது. தெலுங்கு மொழியின் ஆதிகவி நன்னயர் பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது இவனுடைய அவைக்களத்திலேதான்.

விமலாதித்தனுக்கு இன்னொரு மனைவியும் உண்டு. மேளமை என்ற அந்த அரசிக்குப் பிறந்தவனுக்குக் குலப்பெயரே வைத்தார்கள்: விஜயாதித்தன். ஒரே தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் பெயரில் தாய்வீடு, இன்னொருவன் பெயரில் தகப்பன் வீடு. இரண்டு பெயர்களும் ஆயுள் முழுவதும் ஒன்றோடொன்று போராடின. தாய்மாமனான ராஜேந்திரனின் படை வந்த பிறகுதான் 1022-ல் ராஜராஜ நரேந்திரன் முடி சூட்டிக்கொள்ள முடிந்தது. அதற்குப் பிறகும் விஜயாதித்தன் ஓயவில்லை. பெயர் வைத்ததால் சண்டை வந்தது என்று சொல்ல மாட்டேன். நாடு இருந்ததால் சண்டை வந்தது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதைத் தொட்டிலிலேயே எழுதி ஒட்டியாகிவிட்டது.

ராஜராஜ நரேந்திரனுக்கு ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கா தேவியைக் கொடுத்தான். அத்தை மகனுக்கு மாமன் மகள். நம் வீடுகளில் நடப்பதுதான். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு என்ன பெயர்? மறுபடியும் தாய்வழிப் பாட்டன் பெயரே: ராஜேந்திரன்.

இந்தக் குழந்தையின் பிறப்பைக் கலிங்கத்துப் பரணியில் ஜெயங்கொண்டார் பாடியிருக்கிறார். கங்கைகொண்ட சோழனின் தேவி குழந்தையைக் கையில் ஏந்துகிறாள். அங்க லட்சணங்களைப் பார்க்கிறாள். மகள் வயிற்றுப் பிள்ளையாகிய இவன் நமக்கே மகனாகிச் சூரிய குலத்தை விளங்க வைக்கத் தக்கவன் என்று பூரிக்கிறாள். புலவர் இதைப் பாடியது, குழந்தை வளர்ந்து சக்கரவர்த்தியாகி வயோதிகமும் அடைந்த பிறகு. நடந்ததைப் பார்த்துவிட்டு ஜாதகம் எழுதுவது அரசவைப் புலவர்களுக்குக் கைவந்த கலை. ஆனாலும் அந்தக் காட்சி பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. மகளின் தலைப்பிள்ளையைக் கையில் வாங்கிய எந்தப் பாட்டி, "இது எங்கள் வீட்டு ஜாடை" என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்?

அப்போது சோழர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ராஜேந்திரனுக்குப் பின் அவன் மக்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். மூத்தவன் ராஜாதிராஜன் 1054-ல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான், அடுத்தவன் இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடி சூடினான், மூன்றாமவன் வீரராஜேந்திரன். அங்கே வேங்கியில் 1061-ல் தகப்பன் இறந்ததும், சிற்றப்பன் விஜயாதித்தன் அரியணையைப் பற்றிக்கொண்டான். தகப்பன் வீட்டு நாடு கைநழுவிப் போயிற்று. தாய்வீட்டிலோ மாமன்மாரும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சோழச் சக்கரவர்த்தியின் பெயரைத் தாங்கிய வேங்கி இளவரசனுக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் உறுதியாக இல்லை.

1070-ல் வீரராஜேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராஜேந்திரனும் சீக்கிரமே மறைந்தான். சோழ அரியணை காலியாயிற்று. பேரன் வந்து அமர்ந்தான். முறைப்படி அது ராஜகேசரியின் முறை. அவனும் ராஜகேசரி என்றே பட்டம் தரித்தான். முதல் சில ஆண்டுக் கல்வெட்டுக்களில் அவன் ராஜேந்திர சோழன்தான். பிறகுதான் நாம் அறிந்த பெயர் வருகிறது: குலோத்துங்கன்.

குலோத்துங்கன் என்றால் குலத்தை உயர்த்துகிறவன். எந்தக் குலத்தை? அந்தப் பெயர் வாயைத் திறக்கவில்லை! சோழ நாட்டில் கேட்டால் தாயின் குலம், வேங்கியில் கேட்டால் தந்தையின் குலம். வேங்கிப் பக்கத்துச் சாசனங்களில் அவன் விஷ்ணுவர்த்தனன் என்ற சாளுக்கியப் பெயரையும் விடாமல் வைத்திருந்தான். இரண்டு வீட்டாரும் மனத்தாங்கல் இல்லாமல் கூப்பிடக்கூடிய ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்தவன் எப்பேர்ப்பட்ட ராஜதந்திரியாக இருந்திருக்க வேண்டும்! ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவன் ஆண்டதில் ஆச்சரியமில்லை.

அவன் மணந்துகொண்டவள் இரண்டாம் ராஜேந்திரனின் மகள், பெயர் மதுராந்தகி. அவளுடைய பாட்டனாகிய கங்கைகொண்ட சோழன் பிறந்தபோது இட்ட பெயர் மதுராந்தகன் அல்லவா? பேத்திக்காக அது மதுராந்தகி ஆயிற்று. ஒரே பாட்டனின் முடிப் பெயர் பெண்வழிப் பேரனிடமும், பிள்ளைப் பெயர் ஆண்வழிப் பேத்தியிடமும் இருந்தன. கல்யாணத்தில் இரண்டும் ஒன்று சேர்ந்தன.

கோயிலின் வடக்கு வாயிற் படியருகே உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே சுவரில் உலகப் பிரசித்தி பெற்ற ஒரு சிற்பம் இருக்கிறது. சிவபெருமான் குனிந்து, காலடியில் கைகூப்பி இருக்கும் ஒருவன் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். அவன் விசாரசருமன் என்ற சிறுவன். சிவபூஜையைக் கெடுத்த தகப்பனின் காலையே வெட்டியவன். இனி உனக்கு நாமே தந்தை என்று சொல்லி, இறைவன் அவனுக்குச் சண்டீசன் என்ற பதவியைச் சூட்டியதாகப் புராணம். புதிய தகப்பன், புதிய வீடு, புதிய பெயர்! வேங்கியின் பிள்ளை இந்தப் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பானோ, இந்தச் சிற்பத்தின் முன் என்ன நினைத்திருப்பானோ, அது சரித்திரக்காரனுக்கு எட்டாதது. கதைக்காரன் சற்று நின்று பார்க்கலாம்.

"இரண்டு பேரையும் சேர்த்து வைத்தால் என்ன மாமா?" என்று குழந்தையின் தகப்பன் கேட்டான்.

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கலிங்கத்தை ஆண்ட கங்க மன்னன் ராஜராஜ தேவேந்திரவர்மன், ராஜசுந்தரி என்ற சோழ இளவரசியை மணந்தான். அவர்கள் மகன் அனந்தவர்மன் சோடகங்கன். சோட என்றால் சோழ. தாய்வீடும் தகப்பன்வீடும் ஒரே பெயரில் குடியிருக்கின்றன. பூரி ஜகந்நாதர் ஆலயத்தை எழுப்பிய மகாராஜன் இவன்தான். ஆனால் 1110 வாக்கில் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் படையெடுத்து எரியூட்டியபோது எதிரே இருந்த அரசனும் இதே சோடகங்கன்தான். பெயரில் பாதி சோழனாக இருந்தும், சோழர் படை அவன் நாட்டைப் பாதி விலைக்கு விடவில்லை. அந்தப் போரின் வெற்றிப் பாட்டுத்தான் நம் கலிங்கத்துப் பரணி.

சம்பந்தி வெகு நேரம் பேசாமல் இருந்தார். புல்வெளியில் நந்தியின் நிழல் நீண்டுகொண்டு வந்தது. பிறகு கேட்டார்: "வேங்கியிலே அந்தத் தகப்பனைப் பெற்ற பாட்டன் இருந்தாரே, விமலாதித்தன். அவர் பேரை யாராவது வைத்தார்களா?"

எனக்குத் தெரிந்த வரையில் அந்தக் கிளையில் இல்லை என்றேன்.

"அப்படியும் அவர் பேரை இப்போ நீங்க சொன்னீங்களே?"

"சாசனத்தில் இருக்கிறது, சொன்னேன்."

"அதுதான் பார்த்தேன்" என்றார். மேலும் ஒன்றும் பேசவில்லை. அம்மன் சன்னிதியில் மாத்திரம் அர்ச்சகரிடம் தாயாரின் பெயரைக் கேட்டார். பெரியநாயகி என்று அர்ச்சகர் சொன்னார்.

திரும்பும் வழியில் அரியலூர் நெருங்குகையில்தான் அவர் மனம் திறந்தார். "சம்பந்தி, என் பேரைச் சொல்ல நானே உயிரோடு இருக்கிறேன். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பேருக்கு முன்னால் என் எழுத்து இருக்கிறது. நிலத்துப் பத்திரத்தில் இருக்கிறேன். அவருக்கு என்ன இருக்கிறது? இல்லாதவர் பேரைத்தானே நாம் காப்பாற்ற வேண்டும்?" என்றார். சற்றுப் பொறுத்து, வியாபாரம் முடிக்கும் குரலில், "ஆனால் ஒன்று. அடுத்தது பெண்ணாக இருந்தால் பெரியநாயகி. என் பேரில் பாதியாவது வர வேண்டும்" என்றார். வண்டி ஓட்டியவன் இப்போதும் சாலையைத்தான் பார்த்தான்.

அரியலூர் மாவட்டமே இரண்டு தடவை பிறந்த குழந்தைதான். 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள். 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மீண்டும் தனியாக்கினார்கள். இரண்டு ஊர்களும் பிரிந்தும் கூடியும் பழகியவை. எங்கள் இரண்டு வீடுகள் ஒரு பெயருக்காகக் கொஞ்சம் விலகிக் கூடியதில் அதிசயமில்லை.

முப்பதாம் நாள் பெயர் சூட்டினார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருந்தும், சம்பந்தி அவசரப்படுத்தினார். மனம் மாறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்றார். அவரே குழந்தையை மடியில் வாங்கி, காதருகே குனிந்து, கலியபெருமாள் என்று மூன்று முறை சொன்னார். வயலில் ஆளைக் கூப்பிடுகிறவர் குரல். குழந்தை திடுக்கிட்டு அழுதது. பிறகு வரிசையாக மற்றவர்கள் சொன்னார்கள்.

என் தமக்கையின் முறை வந்தது. அவள் தூணருகிலேயே நின்றாள். நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளும் உச்சரிக்காத பெயர். கூடியிருந்த பெண்களுக்கு விஷயம் புரிந்து பேச்சு அடங்கிற்று. "வாங்க சம்பந்தி அம்மா. அது இப்போ உங்க பேரன் பேருங்க. சொல்லலாம், தப்பில்லை" என்றார் பெரியவர்.

அவள் வந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தாள். மூன்று முறை என்று எண்ணத்தான் முடிந்தது. எங்கள் யார் காதிலும் விழவில்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சென்ற மாதம் போயிருந்தேன். பிள்ளை தவழ்கிறான். பெரம்பலூர்த் தாத்தா வந்திருந்தார், "டேய் கலியபெருமாளு!" என்று தெரு முழுவதும் கேட்கக் கூப்பிடுகிறார். என் தமக்கை இன்னமும் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறாள்.